மூணாந்தண்ணி

என்னைச் சுத்தக்காரி என்று புகழ்ந்தவர்கள் அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது என் குரல் ஏறினால் யாரும் திடுக்கிட வேண்டாம்.

புகழ்ந்தவர்கள் ஒருவர் இருவரா? கிடா வெட்டுக்கு வந்த நாத்தனார், நான் கை கழுவுவதைத் தொட்டியடியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "வூட்டக் கண்ணாடியாட்டம் வெச்சிருக்கறீங்க அண்ணி, எங்கண்ணன் குடுத்து வெச்சவரு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகளைக் கூட்டிவந்து காட்டி, "பாத்துக் கத்துக்கடி" என்றாள். என் விரல் இடுக்கில் தோல் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது ஒருத்தி கண்ணிலும் படவில்லை. குடித்துவிட்டு ரோட்டோரம் கிடப்பவனைப் பார்த்தால் இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊருக்குப் புரியும். தொட்டியடியிலேயே கிடக்கிறவளைப் பார்த்தால் கை தட்டுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அதியமான்கோட்டைப் பக்கம், பைபாஸை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. முன்னால் என் வீட்டுக்காரரின் பஞ்சர் கடை. பின்னால் வாசல், வாசலில் துவைக்கிற கல், கல்லைத் தாண்டிக் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி, அதையும் தாண்டி ராகி மூட்டை அடுக்குகிற ஓர் அறை. வீட்டில் நான், அவர், மாமியார், எங்கள் மகள். மகளுக்கு அப்போது நாலு வயது. நான் தினமும் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய், கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலை பார்த்தேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தண்ணி வரவில்லை, ரோடு இல்லை. ஊரார் குறையெல்லாம் என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும்.

கொரோனா இரண்டாவது முறை வந்து ஆட்டிப் படைத்தபோது எனக்கும் வந்தது. "ஊரான் காயிதத்தயெல்லாம் தொட்டுத் தொட்டு வூட்டுக்கு இழுத்தாந்துட்ட" என்றார் மாமியார். நாள் முழுக்க லாரி டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்த தன் மகனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. மூச்சுத் திணறல் இல்லாததால் வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராகி மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த அறையில் என்னைப் போட்டார்கள்.

இங்கேதான் எங்கள் வீட்டு மூளை வேலை செய்தது. மாமியாருக்குத் தெரிந்த ஒட்டுவார் ஒட்டி நோய் அம்மை ஒன்றுதான். அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கென்று முறை இருக்கிறது. "இதுவும் ஆத்தா வெளையாட்டுதான், பேருதான் இங்கிலீசு" என்று சொல்லிக்கொண்டே என் அறைக் கதவில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார். தலை சீவக் கூடாது என்றார். குளிக்கவே கூடாது என்றார். அம்மை கண்டவர்களுக்குத் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, நாள் பார்த்து, இடைவெளி விட்டு, மூன்று முறை தலையில் ஊற்றுவார்கள். மூணாந்தண்ணி ஊற்றினால்தான் ஆத்தா இறங்கியதாக அர்த்தம். அப்புறம்தான் அடுப்படிக்குப் போகலாம், பிள்ளையைத் தூக்கலாம்.

மாமியார் சொன்னது இப்படி என்றால், செல்போன் சொன்னது வேறு. யாரைக் கூப்பிட்டாலும் மணி அடிக்கும் முன் ஒரு குரல் வந்து கை கழுவச் சொன்னது. டிவியும் அதையே சொன்னது. ஒருத்தர் குளிக்காதே என்கிறார், ஊரே கழுவு கழுவு என்கிறது. சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று அறைக்குள் கிடந்தேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற மெஷினை மாட்டுவேன். எண் சரியாக இருக்கும். கழற்றுவேன். சரியாக மாட்டினோமா என்று சந்தேகம் வரும். மறுபடியும் மாட்டுவேன். சாப்பாட்டுத் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியை மகள் தொட்டிருப்பாளோ என்று நினைப்பேன். தொடவில்லை என்று தெரியும். தெரிந்தும் சானிடைசரை எடுத்துக் கம்பி கம்பியாகத் துடைப்பேன். துடைத்து முடித்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னை நான் விற்றுவிட்டேன்.

மகளைத் துவைக்கிற கல் வரைக்கும் விட்டார்கள். அதைத் தாண்டி வரக் கூடாது. அவள் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எப்பம்மா வருவ?" என்று கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொள்வார்.

"மூணாந்தண்ணி ஊத்தட்டும் கண்ணு, அப்பறம் அம்மாகிட்ட போலாம்."

அவளும் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். மூணாந்தண்ணி என்பது பொங்கல் மாதிரி ஒரு நாள், தானாக வந்துவிடும் என்று நினைத்தாள்.

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மைக்கு என்றால் பக்கத்தில் நின்று, தலையில் கை வைத்து ஊற்றுவார்கள். எனக்கு மாமியார் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சொம்பால் வீசினார். பாதி சுவரில் விழுந்தது, பாதி என் மேல் விழுந்தது. மாட்டைக் கழுவினால்கூட இதைவிடப் பக்கத்தில் நிற்பார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டாம் தண்ணீரும் அப்படியேதான். மூன்றாவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்து வைத்தார்கள்.

அதற்கு முன்பே பங்காளி ஒருவர் இறந்துபோனார். மாமனார் வழியில் அண்ணன் முறை. அவருக்கும் கொரோனாதான். பங்காளி வீட்டில் சாவு என்றால் கருமாதி வரைக்கும் எங்களுக்கும் தீட்டு. தீட்டு வீட்டில் ஆத்தாளுக்கு உரியது எதையும் செய்யக் கூடாது. மூணாந்தண்ணி தள்ளிப்போனது. கருமாதி முடிவதற்குள் மொரப்பூரில் இருந்த இன்னொரு பங்காளி போய்ச் சேர்ந்தார். மறுபடியும் தீட்டு. அதற்குப் பிறகு இன்னொரு வீடு. அந்த மாதங்களில் சாவுக்கா பஞ்சம்? அவர்களுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறை போன் வரும்போதும், ஐயோ என் தண்ணி போச்சே என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படி நினைக்க வைத்ததற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

இதற்கிடையில் எனக்கு உடம்பு தேறிவிட்டது. டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. வெளியே வந்தேன். ராகி மூட்டைகள் அறைக்குத் திரும்பின. ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. மாமியார் தாளிக்க ஆரம்பித்துவிட்டார்! கதவில் இருந்த வேப்பிலை காய்ந்து உதிர்ந்து, யாரோ கூட்டித் தள்ளிவிட்டார்கள். மூணாந்தண்ணியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. முறை வைத்தவருக்கு முறை மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

நான் படித்தவள்தான். இது கிருமி, ஆத்தா இல்லை, டெஸ்டில் ஒன்றும் இல்லை, எல்லாம் தெரியும். ஆனால் அந்த அறையில் என் தலைக்குள் ஒன்று குடியேறிவிட்டது. அது படிக்காத ஒன்று. "உனக்கு இன்னும் முடியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மகளைத் தூக்கப் போனால், "முடியல" என்றது. சரி, கை கழுவிவிட்டுத் தூக்கலாம் என்று போனேன். கழுவினேன். குழாயை மூடும்போது குழாயைத் தொட்டுவிட்டேனே. குழாயைக் கழுவிவிட்டுக் கையைக் கழுவினேன். நடுவில் நாய் குரைத்தது, மனம் கலைந்தது. முதலிலிருந்து மறுபடியும். இப்படியே தொட்டி காலியாகும். அதற்குள் மகள் தூங்கிவிடுவாள்.

அவள் கல்லைத் தாண்டி வரவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. தாண்டலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை. பாட்டி மறந்துவிட்டார், அப்பாவுக்குக் கடை. நானும் சொல்லவில்லை. நான் தொட்டியடியில் நிற்பேன், அவள் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கதை சொல்வாள். சாப்பாடு பாட்டி ஊட்டுவார். தலை பாட்டி பின்னுவார். இரவு பாட்டியோடு தூங்குவாள். வந்து போனவர்கள் எல்லாம், "எவ்ளோ அடக்கமான புள்ள" என்று அவளையும் புகழ்ந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டுக்காரரிடம் ஒரு நாள் சொன்னேன். "எனக்கு என்னமோ ஆயிடுச்சிங்க. நிறுத்த முடியல."

"சுத்தமா இருக்கறதுல என்னா தப்பு? அவனவன் பொண்டாட்டி குளிக்கறதே இல்லன்னு பொலம்பறான்" என்று சிரித்துக்கொண்டே டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். டியூபில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியிடம் எங்கே ஓட்டை என்று பார்க்கத் தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடை மறுபடி திறந்ததும் வேலைக்குப் போனேன். கையுறை போட்டுக்கொண்டு டைப் அடித்தேன். முதலாளி, "பொறுப்புன்னா இதான்" என்றார். ஒரு பெரியவர் மனுவில் கை நாட்டு வைத்துவிட்டு, மை விரலோடு என் மேஜையைத் தொட்டார். அவர் போன பிறகு மேஜையைத் துடைத்தேன், நாற்காலியைத் துடைத்தேன், கடைசியில் மனுவையே ஈரத் துணியால் துடைத்துக் கூழாக்கிவிட்டேன். அத்தோடு நானே வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. பிறகு ஒரு நாள் மத்தியானம் மகள் கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் ஏறி விளையாடினாள். சரிந்து விழுந்து முட்டி கிழிந்துவிட்டது. ஐயோ என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். நான் முழங்கை வரை நுரையோடு தொட்டியடியில் நின்றிருந்தேன். காலில் ரத்தம் வழிய வழிய ஓடிவந்தவள், துவைக்கிற கல் வந்ததும் நின்றுவிட்டாள். அவ்வளவு வலியிலும் கால் தானாக நின்றது. அங்கேயே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கத்தினாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். எனக்குக் கால் வரவில்லை. மாமியார் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம், "என்னைய டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறீங்களா, இல்ல நானே பஸ் ஏறட்டுமா?" என்று கத்தினேன். கடையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தருமபுரியில் மனநல டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். சின்ன வயசுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கு ஓசிடி என்று பேர், நோயோடு தனியாக அடைந்து கிடந்த பலருக்கு வந்திருக்கிறது, ஏற்கெனவே லேசாக இருந்தவர்களுக்கு முற்றியிருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். அதோடு பயிற்சி ஒன்றும் சொன்னார்: அழுக்கைத் தொட வேண்டும், தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். பதறும், பதறட்டும், தானாக இறங்கும் என்றார். சொல்வதற்கு அவருக்கு என்ன, அவர் கையா எரிகிறது?

"அந்த மூணாந்தண்ணிய மட்டும் ஊத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணுதுங்க சார்" என்றேன்.

"ஊத்தினா அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். "மறுநாள் அது நாலாந்தண்ணி கேக்கும்."

அந்த ஆளின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் சொன்னது உண்மை என்று தெரிந்ததால்தான் அவ்வளவு திட்டினேன்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆயிற்று. பயிற்சி நரக வேதனை. வாசற்படியைத் தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். வியர்த்துக் கொட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. குறைந்தது என்பதே பெரிய விஷயம். ஆனால் மகளை மட்டும் தொடவில்லை. அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னதில் பாதியைச் சொல்லி, மூணாந்தண்ணியில் வந்து நிறுத்தியிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வாசலுக்கு வந்தபோது பித்தளை அண்டா வெயிலில் இருந்தது. மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதந்தது. மாமியார் குளித்து, திருநீறு பூசி, சொம்போடு நின்றார்.

"நாந்தான் ஊத்தாம மறந்துட்டேன் கண்ணு. அதான் ஆத்தா உங் கைய உடமாட்டேங்கறா. வா, பக்கத்துல நின்னே ஊத்தறேன். ஒக்காரு."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. அந்த அறையில் நான் கிடந்தபோது இந்தக் கண் எங்கே போயிருந்தது? தொட்டித் தண்ணீர் முழுக்க என் கையில் கொட்டியபோது எங்கே போயிருந்தது?

"ஒரு சொம்புத் தண்ணிதான, வாங்கிக்கியேன்" என்றார் வீட்டுக்காரர், கடைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து.

எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது? உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வேண்டும் வேண்டும் என்றது. போய் உட்கார்ந்தால் போதும், முடிந்தது என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். வெயிலில் காய்ந்த வேப்பிலை வாசம் மூக்கில் ஏறியது. நான் அண்டாவிடம் போனேன். மாமியார் சொம்பை முக்கினார்.

அண்டாவின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டேன்.

மஞ்சள் தண்ணீர் வாசல் முழுக்க ஓடி, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏய், பைத்தியமா உனக்கு?" என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஆமாங்க. அதுக்குத்தான் மாத்திர தின்னுக்கிட்டிருக்கறேன். இப்பத்தான் தெரியுதா?" என்றேன். என் குரல் பைபாஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் பின்னாலேயே மகள் வந்தாள். கடையில் டியூபை வைத்து விளையாடியிருப்பாள் போல, இரண்டு கையும் கிரீஸும் கருப்புமாக இருந்தது. கல் வந்ததும் வழக்கம்போல நின்றுவிட்டாள்.

நான் கல்லைத் தாண்டிப் போனேன். குனிந்து அவளைத் தூக்கினேன். கருப்புக் கை இரண்டும் என் கழுத்தில் விழுந்தன. எவ்வளவு கனமாகிவிட்டாள்! நான் கடைசியாகத் தூக்கியபோது இடுப்பில் அடங்குகிற பிள்ளை. இப்போது கால் என் முழங்காலில் இடித்தது. உடம்பெல்லாம் அரித்தது. கழுவு கழுவு என்று தலைக்குள் கூச்சல். விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் நெளிந்து இறங்கினாள். நேராகத் தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள். கட்டை விரலைத் தனியாகத் திருகினாள். குழாயையும் சோப்பு போட்டுக் கழுவினாள். கழுவிவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வருஷமாகக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள்.

"பாரேன், அம்மாவாட்டமே எவ்ளோ சுத்தம்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் போய்க் குழாயை மூடினேன். மகள் நுரைக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் முடியலம்மா" என்றாள்.

குழாயின் மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை. அவள் உதடு பிதுங்கி, அழ ஆரம்பித்தாள். அழட்டும். "முடிஞ்சிடுச்சி. அப்பிடியே வா" என்றேன்.